எரியக் கூடாத விளக்கு

இலையில் சோறு விழுவதற்கு முன்பே எழுந்து நடந்துவிட்டேன். புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் பாதை அது. இரண்டு பக்கமும் சவுக்கு. பாதி தூரம் மணல், அதற்குப் பிறகு தார். உச்சி வெயில். தோளில் டூல்ஸ் பை, சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு. பின்னால் பந்தலில் யாரோ, "எங்கப்பா போறாரு அந்தாளு? சாப்புடலியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று கலியபெருமாளின் பதினாறாம் நாள் காரியம். கலியபெருமாள் படகுத் தச்சர், என்னோடு வேலை பார்த்தவர். அவர் மனைவி அஞ்சலை என்னை உள்ளே கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நீங்கதான மொதல்ல போட்டுக்குள்ள எறங்குனது? அவரு சுவிட்ச அணைச்சிருந்தாரா இல்லியா?"

"தெரியலம்மா. பதட்டத்துல பாக்கல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. காலையிலிருந்து போயிருந்த கரண்ட் அந்த நேரம் பார்த்து வந்தது. சுவரில் சுவிட்ச் போர்டின் மூலையில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று வாசலில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் ஃபேனைப் போட்டார். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

இது நடந்து பல வருடம் ஆகிறது. நான் வேலையை விட்டே நாலைந்து வருடம் இருக்கும். போன மாதம், இப்போது படகுப் பட்டறையில் இருக்கும் ஒருவர் போனில் ஒரு படம் அனுப்பினார். பழைய பாய்மரப் படகின் கரண்ட் போர்டு. ஓரத்தில் இருந்த சிவப்பு விளக்கைச் சுற்றி வட்டம் போட்டு, "மாமா, இது எதுக்கு? எரிஞ்சா நல்லதா கெட்டதா?" என்று கேட்டிருந்தார். எரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கு என்று பதில் அனுப்பினேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை அனுப்பவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டாவதோடு என் படிப்பு போயிற்று. யாரும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு நாள் லாரி ஏறிவிட்டேன், அவ்வளவுதான். குறிஞ்சிப்பாடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் இரண்டு வருடம். பிறகு தூத்துக்குடி, மங்களூர், கோவா. ஒரே ஊரில் மூன்று மழைக்காலம் தங்கியதில்லை. மீன் கூடை அடுக்கிய இடத்தில் படுத்திருக்கிறேன். காய்ச்சலோடு இன்ஜின் ரூமில் வேலை பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கையில் வேலை இருந்தது. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், பாதிக்குப் பொருள் தெரியாது.

கடலூர் பழைய துறைமுகத்துக்கு வந்து விசைப்படகுகளுக்கு வயரிங் செய்தபோது ஒரு விஷயம் கற்றேன். ஒரு படகு கரையில் கட்டிய இடத்திலேயே பாதி அமிழ்ந்து நின்றது. அடியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பு ஓடவில்லை. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "பம்பு லைட்டு பச்சையா எரிஞ்சிது சார்! அத நம்பித்தான டீ குடிக்கப் போனேன்!" எரிந்தது உண்மை. சுவிட்சுக்கும் பம்புக்கும் நடுவே கம்பியை உப்பு தின்றிருந்தது. போர்டில் இருக்கும் விளக்கு சுவிட்ச் வரைக்கும்தான் சாட்சி. அதற்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. விளக்கு மங்கலாக எரிந்தால் எங்கோ இணைப்பில் களிம்பு பிடித்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் கரண்ட் இல்லாமல் இருக்கலாம், பல்பு மட்டும் போயிருக்கலாம். இதையெல்லாம் நாற்பது வயதுக்குள் விரல் நுனியில் வைத்திருந்தேன். இனித் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்ற நினைப்பும் கூடவே வளர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்தப் பாய்மரப் படகு வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஓட்டி வந்து, புயலில் பாய்மரம் முறிந்து, இங்கேயே விற்றுவிட்டுப் போன படகு. வாங்கியவர் அதைச் சரிசெய்து சுற்றுலாவுக்கு விட நினைத்தார். உப்பனாற்றங்கரையில் எங்கள் பட்டறையில் கரையேற்றி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். உள்ளே இறங்கினால் அறை, சின்னச் சமையல் மேடை, வெந்நீர்த் தொட்டி. ஏணிக்குப் பக்கத்தில் கரண்ட் போர்டு. இடது பக்கம் பேட்டரியில் ஓடுபவை. வலது பக்கம் கரையிலிருந்து கம்பி இழுத்துச் செருகினால் ஓடுபவை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் மிளகளவில் ஒரு பச்சை விளக்கு. வலது பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே, சுவிட்ச் எதுவும் இல்லாமல், தனியாக ஒரு சிவப்பு.

மேற்பார்வை இளங்கோவன் சார். குறிஞ்சிப்பாடிக்காரர், டிப்ளமா படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். ஒரு போர்டைத் திறப்பதற்கு முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைப்பார். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, அதனால் எது ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து, வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்துத் தமிழில் எழுதி ஒட்டுவார். பம்ப். அறை விளக்கு. வெந்நீர். தெரியாத இடத்தில் கேள்விக்குறி ஒட்டுவார். தெரிந்த பிறகுதான் அதை எடுப்பார்.

அந்தப் போர்டில் கடைசியாக மிஞ்சியது சிவப்பு விளக்கு. அடியில் பொறித்திருந்த எழுத்தை உப்பு அரித்துவிட்டிருந்தது. அவர் அதற்குக் கேள்விக்குறி ஒட்டினார்.

"மணி, ரெண்டு நாள் சென்னை போறேன். ஒருத்தர கேட்டுட்டு வர்ரேன். அதுவரைக்கும் கரைக் கரண்ட இதுக்குக் குடுக்காதீங்க. தெரியாத லைட்டு இருக்கிற போர்டுக்கு கரண்ட் குடுக்கக் கூடாது."

"சரி சார்" என்றேன்.

மறுநாள் சித்திரை வெயில். படகுக்குள் நின்றால் உள்ளங்கால் வரை வேர்த்தது. கலியபெருமாள் வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் உளுத்துப்போன பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். மீனவர் வீட்டுப் பிள்ளை, கடலுக்குப் போகாமல் உளியைப் பிடித்தவர். வாய் சும்மா இருக்காது.

"மச்சான், ஒரு ஃபேன் போடேன். வெந்து சாவுறேன்."

"சார் வரட்டும். கரைக் கரண்ட் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அவர் ஏணியருகே வந்து போர்டைப் பார்த்தார். கேள்விக்குறியில் விரலை வைத்தார்.

"இதுக்கா? கோவா பாத்தேன், மங்களூர் பாத்தேன்னு ரீல் ரீலா வுடுவ. இத்துனூண்டு லைட்டு என்னான்னு தெரியலியா உனுக்கு? உன்னவிட வயசு கம்மியான ஆளு கொக்கி போட்டு ஒட்டிட்டுப் போயிட்டாரு, நீ கைகட்டி நிக்கிற."

அவர் சும்மா சீண்டினார். எப்போதும் அப்படித்தான் பேசுவார். எனக்குத்தான் சுருக்கென்றது. பட்டறையின் பிளக்கிலிருந்து கம்பியை இழுத்துப் படகின் பக்கவாட்டில் செருகினேன். உள்ளே இறங்கிப் பார்த்தால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? கரண்ட் வந்துடுச்சுன்னு சொல்ற லைட்டு. எங்க வூட்டுப் போர்டுலகூட இருக்குது" என்றார் கலியபெருமாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. நம் பக்கம் எல்லா வீட்டிலும் போர்டில் சிவப்பு இருக்கும். எரிந்தால் கரண்ட் இருக்கிறது. ஒரு நாளில் நாலு முறை கரண்ட் போகிற ஊரில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் மனசுக்கு நிம்மதி. கேள்விக்குறியைக் கிழித்துக் கசக்கிப் போட்டேன். புதுத் துண்டு கிழித்து "கரண்ட்" என்று எழுதி ஒட்டினேன். சார் எழுத்தைவிட என் எழுத்து பெரியதாக இருந்தது. ஃபேனைப் போட்டுவிட்டு, "தொட்டி கம்பிகிட்ட கை வைக்கிற மாதிரி இருந்தா வெந்நீர் சுவிட்ச அணை. பச்சை அணைஞ்சுதான்னு பாரு. அப்புறம் கை வை" என்றேன்.

"தெரியும் போ. எதையும் ரெண்டு தடவ பாக்கிற ஆளு நான்."

நான் டீக்கடைக்குப் போனேன்.

அந்த விளக்கு நம் வீட்டு விளக்குக்கு நேர் எதிர். சார் சென்னையில் கேட்டு வந்து சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. எல்லாம் சரியாக இருக்கும்வரை அது அணைந்தே இருக்கும். கரண்ட் வரும் கம்பியும் திரும்பும் கம்பியும் இடம் மாறி இருந்தால் மட்டும் எரியும். ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாத பிளக்குகளில் செருக வேண்டிய படகு என்பதால் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டறைப் பிளக்கில் யாரோ எப்போதோ கம்பியை மாற்றி முடுக்கியிருந்தார்கள். டிரில் ஓடியது, ஃபேன் ஓடியது, யாருக்கும் தெரியவில்லை. ஆனால் படகின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். கம்பிகள் மாறி வந்தால் சுவிட்ச் துண்டிப்பது திரும்பும் கம்பியை. பச்சை விளக்கு அணைந்துவிடும், தொட்டியும் சூடாகாது. ஆனால் தொட்டியின் கம்பியில் முழுக் கரண்டும் அப்படியே நிற்கும். இதைச் சொல்லத்தான் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில்தான் நான் "கரண்ட்" என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

டீ பாதி குடித்திருப்பேன். பட்டறையிலிருந்து சத்தம் கேட்டது. ஓடி வந்து ஏணியில் இறங்கினேன். அவர் தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில், இன்ஜின் இரும்பில் முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். அடியில் ஈரம். ஸ்க்ரூடிரைவர் மடியில் கிடந்தது. நான் போர்டைப் பார்த்தேன். வெந்நீர் சுவிட்ச் கீழே இருந்தது; அந்தப் போர்டில் கீழே என்றால் அணைப்பு. பச்சை அணைந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. இந்த நாலையும் பார்த்தேன். "பிளக்கப் புடுங்குங்கடா" என்று கத்தினேன். மேலே யாரோ பிடுங்கினார்கள். எல்லா விளக்கும் அணைந்தன. அதற்குப் பிறகு நாலு பேர் உள்ளே இறங்கினார்கள், கைபட்டுச் சுவிட்சுகள் ஏறி இறங்கின. எது எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான் ஒருவன் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள்.

இளங்கோவன் சார் சாயங்காலம் வந்தார். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றாமலே போர்டின் முன்னால் நின்றார். பக்கத்தில் போனால்தான் கேட்கும் குரலில், "இது யார் எழுத்து?" என்றார்.

"என்னுதுதான் சார்."

நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் பிளாஸ்திரியை உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். "எரிச்சிடுங்க. சுவிட்ச அணைக்காம கை வச்சிட்டாருன்னு போலீஸ்ல எழுதிட்டுப் போயிட்டாங்க. முந்தின நாள் குடிச்சது எறங்கலன்னு வேற பேசிக்கிறாங்க. நாம ஒன்னும் சொல்ல வேணாம். நீங்களும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்."

கெட்ட மனுஷன் இல்லை. கம்பியைச் செருகுவதற்கு முன் பட்டறைப் பிளக்கை நான் ஒரு முறை டெஸ்டர் வைத்துப் பார்த்திருந்தால் போதும். அவரும், போவதற்கு முன் பார்த்திருக்கலாம். பிளாஸ்திரியை நான் எரிக்கவில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் காரியத்துக்குப் போனேன்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் சிதம்பரம் பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சிதம்பரத்தில் இறங்கினால் அங்கிருந்து எங்கேயும் போகலாம். அப்படி எத்தனையோ ஊரை விட்டுப் போயிருக்கிறேன். முன் சீட்டில் இரண்டு பேர் காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒருவர், "குடிச்சிட்டுக் கரண்ட்ல கை வச்சா அப்புறம் என்னா ஆவும்?" என்றார். மற்றவர், "அந்தப் பொண்ணு அவரு அணைச்சிருப்பாருன்னுதான் சாதிக்குது. பாவம்" என்றார்.

முட்லூரில் இறங்கினேன். எதிர்ப் பக்கம் கடலூர் பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. திரும்பக் குப்பத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. பந்தலில் பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அணைச்சிருந்தாரும்மா" என்றேன். "நான் பாத்தேன். சுவிட்சு ஆஃப்லதான் இருந்துது. பச்சையும் அணைஞ்சிருந்துது. தப்பு என்னுது." முழுவதையும் சொன்னேன். பிளாஸ்திரியை எடுத்து நீட்டினேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னா எழுதியிருக்குது?"

"கரண்ட்டுன்னு."

"நீதான் எழுதுனியா?"

"ஆமா."

எழுந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். "இங்க சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னேன். கலியபெருமாளின் அண்ணன் என் கழுத்துச் சட்டையைப் பிடித்தார். "வாடா ஸ்டேஷனுக்கு. இத அங்க வந்து சொல்லு."

"வுடுங்க மாமா" என்றாள் அஞ்சலை. "இங்க சொன்னது போதும். குடிச்சிருந்தாரு, குடிச்சிருந்தாருன்னு இங்கதான எல்லாரும் பேசுனாங்க."

வெற்றிலைத் தட்டை யாரோ ஓரமாக நகர்த்தினார்கள். அவள் உள்ளே போய் மாலை போட்ட படத்தின் பின்னால் அந்தப் பிளாஸ்திரியைச் செருகினாள். திரும்பும்போது சுவரில் இருந்த போர்டைப் பார்த்தாள்.

"இதுவும் செவப்பாத்தான் எரியுது. இதுவும் பொய்யா?"

"இது வேற மாதிரி. கரண்ட் இருக்குன்னு காட்டுறது. ஆனா உள்ள கம்பி மாறியிருந்தா இது சொல்லாது. பாத்தாத்தான் தெரியும்."

"பாரு."

டெஸ்டரை எடுத்தேன். பிளக்கின் இடது துளையில் வைத்ததும் எரிந்தது. எரிந்திருக்கக் கூடாது, கரண்ட் வலது துளையில்தான் வர வேண்டும். அங்கேயும் மாறித்தான் இருந்தது. மெயினை அணைத்து, போர்டைக் கழற்றி, கம்பியை இடம் மாற்றி முடுக்கினேன். அவள் நின்று முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் டெஸ்டரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

"கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத."

காலையில் கூப்பிட்டதுபோல அண்ணே என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவும் இல்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இளங்கோவன் சாருக்குப் போன் செய்து சொல்லிவிட்டதைச் சொன்னேன். "பட்டறை பிளக்க நேத்திக்குத்தான் மாத்துனேன்" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் காலை காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டவுன் பஸ்ஸில் போனேன். மேஸ்திரி, "என்னா வேல தெரியும்?" என்று கேட்டார். மூட்டை தைக்கத் தெரியும் என்றேன். கோணி ஊசியையும் சணலையும் கையில் கொடுத்தார். எட்டு மூட்டை தைத்திருப்பேன். கரண்ட் போனது. எல்லோரும் தவிட்டு மூட்டைமேல் சாய்ந்தார்கள். அரை மணி கழித்து ஆலைப் பேனலில் விளக்கு எரிந்தது. அங்கே மூன்று விளக்குகள், மூன்று லைனுக்கு. சிவப்பும் மஞ்சளும் எரிந்தன. நீலம் எரியவில்லை.

"வந்துடுச்சு" என்று எழுந்தார்கள். ஒருவர் மோட்டாரைப் போடக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "நீலம் எரியல."

மேஸ்திரி சிரித்தார். "அது பல்பு போயி ரெண்டு மாசமாவுது. நீ ஊசியப் புடி."

"பல்புதான் போச்சா, லைன் வரலியான்னு பாத்துட்டுப் போடலாம். ரெண்டு லைன்ல ஓடுனா மோட்டார் எரிஞ்சிடும்."

"உனுக்குக் கரண்ட் வேல தெரியுமா?"

"தெரியாது" என்றேன். "ஒரு டெஸ்டர் இருந்தா குடுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீல லைனில் கரண்ட் இருந்தது. பல்புதான் போயிருந்தது. ஆபீஸ் அறையில் ஒரு பழைய பல்பு கிடைத்தது. மெயினை அணைக்கச் சொல்லி, அணைத்த பிறகு மூன்று லைனிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்து, இரண்டாம் தடவையும் வைத்துப் பார்த்து, அதை மாட்டினேன். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு போய் ஒன்பதாவது மூட்டையைத் தைக்க உட்கார்ந்தேன்.